அமாங் மணலும் மின்காந்தப் பாடமும்

ஈப்போ நகரிலிருந்து தெற்கே கோப்பெங் செல்லும் பழைய நெடுஞ்சாலையில், சுண்ணாம்புக் குன்றுகளின் அடியில், சிம்பாங் பூலாய் என்னும் சிற்றூர் உளது. கேமரன் மலைக்கு ஏறும் சாலை ஒன்று இங்கிருந்தே பிரிகின்றது. சிம்பாங் என்னும் மலாய்ச் சொல்லுக்குச் சந்தி என்பது பொருள். பூலாய் என்பது ஒரு மரத்தின் பெயர். தமிழ்நாட்டில் ஏழிலைப்பாலை என வழங்கும் மரமும் அதே இனத்தைச் சேர்ந்ததே. ஏழிலைப்பாலையின் பலகை பள்ளிச் சிறார் எழுதுவதற்குப் பயன்பட்டமையால், தாவர நூலார் அதன் இலத்தீன் பெயரில் ‘பள்ளிக்கு உரியது’ என்னும் பொருள்படும் சொல்லைச் சேர்த்தனர். அம்மரத்தின் உறவுப் பெயரைத் தாங்கிய இவ்வூருக்கு அடுத்த ஊராகிய கோப்பெங்கில், பேராக் மெட்ரிகுலேஷன் கல்லூரி அமைந்திருப்பது பொருத்தமே.

அக்கல்லூரியிலும் அதனையொத்த பிற கல்லூரிகளிலும், இயற்பியலின் இரண்டாம் பருவத்தில் பெரும்பகுதி மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் உரியது. ஆறாம் படிவத்தில் எஸ்.டி.பி.எம். தேர்வு எழுதுவோர்க்கும், 2012-ஆம் ஆண்டு முதல், இரண்டாம் தவணைப் பாடம் இதுவே. முதற் பருவத்து இயக்கவியலை ஒருவாறு கடந்து வந்த மாணவர் பலர் இங்கே வந்து தடுமாறுகின்றனர். ஓராண்டில் முடிந்துவிடும் படிப்பு இது. இதில் பெறும் மதிப்பெண்ணே பொறியியல், மருத்துவம் முதலிய துறைகளுக்கு வாயில். தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் பேரப்பிள்ளைக்கு இவ்வாயில் அடைபட்டால், மறுவாயில் எளிதிற் கிட்டுவதன்று. ஆதலின், இத்தடுமாற்றத்தின் காரணத்தை ஆராய்வது வெறும் கல்வியியல் ஆராய்ச்சி மட்டுமன்று.

இயக்கவியலில் பேசப்படும் பொருள்கள் கண்ணுக்குத் தெரிவன. வண்டி ஓடுகின்றது, பந்து விழுகின்றது, ஊசல் ஆடுகின்றது. சூத்திரம் மறந்தாலும் பொருள் கண்முன் நிற்கும். மின்சாரப் பாடத்திலோ முதல் வாரத்திலேயே, காணவும் தொடவும் இயலாத ஒன்று அறிமுகமாகின்றது. அதற்குப் புலம் என்று பெயர். அதன்பின் வரும் மின்னழுத்தம், மின்தேக்கி, காந்த விசை, தூண்டல் யாவும் அதன்மீதே கட்டப்படுகின்றன. அடித்தளம் மனத்தில் படியாத மாணவர், ஒவ்வொரு மாடியையும் தனித்தனிச் சூத்திரமாக மனப்பாடம் செய்யத் தொடங்குகின்றார்.

மொழியும் இங்கே தன் பங்கைச் செலுத்துகின்றது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற பிள்ளை ‘மின்சாரம்’ என்றும் ‘காந்தம்’ என்றும் அறிந்தவற்றை, இடைநிலைப் பள்ளியில் பெரும்பாலும் மலாயில் ‘எலெக்ட்ரிக்’ என்றும் ‘மேக்னெட்’ என்றும் படிக்கின்றது. கல்லூரியில் அவையே ஆங்கிலப் பாடமாக வருகின்றன. மூன்று மொழி மாறிய சுமை எனப் பலர் இதனைக் கருதுவர். ஆனால் புலம் என்னும் ஒரு சொல்லைப் பொறுத்தமட்டில், இம்மும்மொழியறிவு ஒரு செல்வமே. மலாயில் மின்புலத்துக்கு ‘மேடான் எலெக்ட்ரிக்’ என்று பெயர். ஈப்போவின் பேருந்து நிலையமாகிய மேடான் கிட்டில் காத்துநின்ற எவருக்கும் அம்முதற்சொல் புதிதன்று. பாரசீகத்திலிருந்து மலாய்க்குச் சென்று மேடான் ஆகியதும், தமிழுக்கு வந்து மைதானம் ஆகியதும் ஒரே சொல்தான். ஆங்கிலத்தில் வழங்கும் சொல் உழவன் வயலுக்கும் ஆகும். பழந்தமிழிற் புலம் என்பதும் விளைநிலத்தையும் இடத்தையும் குறித்த சொல்லே. புலன் என்னும் உணர்வுச் சொல்லோடும் அதற்கு உறவுண்டு.

ஆக மூன்று மொழிகளும் சுட்டுவது ஒரே பொருளை: நிகழ்ச்சிக்கு இடமாய் விரிந்து கிடக்கும் வெளி. விதை ஊன்றுமுன்னும் வயல் வயலாகவே கிடக்கின்றது. அதுபோல, ஒரு மின்னூட்டத்தைச் சுற்றியுள்ள வெளியில் வேறொன்றும் வைக்கப்படாவிடினும், வைத்தால் இன்ன திசையில் இவ்வளவு விசை தோன்றும் என்னும் தன்மை ஒவ்வொரு புள்ளியிலும் முன்னரே குடிகொண்டுள்ளது. அதுவே மின்புலம். இவ்வளவும் புரிந்தால், சூத்திரத்தில் விசையை மின்னூட்டத்தால் ஏன் வகுக்கின்றனர் என்பது தானே விளங்கும்.

புரியாமலே கணக்குகளைச் சரியாகப் போட்டுவிடலாம் என்பதே இப்பாடத்தின் பேரிடர். இதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த எரிக் மாசூர் என்பார், தம் மாணவர்க்கு இருவகை வினாக்களைக் கொடுத்துப் பார்த்தார். ஒன்று, பல மின்தடைகளும் இரண்டு மின்கலங்களும் கொண்ட சிக்கலான சுற்றில் மின்னோட்டத்தைக் கணக்கிடுவது. மற்றொன்று, எண்ணே இல்லாத எளிய வினா: ஒத்த மூன்று விளக்குகள் வரிசையாக ஒரு மின்கலத்தோடு இணைந்துள்ளன, மூன்றாம் விளக்கின் இருமுனைகளையும் நேரே இணைக்கும் சுவிட்சு ஒன்றை மூடினால், எந்த விளக்கு பிரகாசிக்கும், எது மங்கும்? முதல் வினாவிலேயே மாணவர்கள் மிகுதியான மதிப்பெண் பெற்றனர். எளியது எனக் கருதப்பட்ட இரண்டாவதில் பலர் வீழ்ந்தனர். 1997-ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூல் இந்த அனுபவத்தை விரிவாகக் கூறுகின்றது.

இரண்டாம் வினாவின் விடையை வாசகர் தாமே கண்டு கொள்ளலாம். சுவிட்சை மூடியதும் மூன்றாம் விளக்கின் இருமுனைகளுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு மறைகின்றது, அது அணைகின்றது. மின்கலத்தின் அழுத்தம் மூன்றாகப் பிரிந்தது இப்போது இரண்டாக மட்டுமே பிரிகின்றது. எனவே மற்ற இரண்டும் முன்னினும் பிரகாசமாய் எரிகின்றன. இழையின் தடை மாறாது எனக் கொண்டால், ஒவ்வொன்றும் செலவிடும் திறன் இரண்டேகால் மடங்காகும். மின்கலத்திலிருந்து வரும் ஓட்டமோ ஒன்றரை மடங்கு. மின்கலம் எப்போதும் ஒரே அளவு மின்னோட்டத்தைத் தரும் என்றும், அவ்வோட்டத்தை விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தின்று தீர்க்கின்றன என்றும் எண்ணுவோர்க்கு இவ்விடை கிட்டாது. இவ்விரு பிழைக் கருத்துகளும் உலகெங்கும் மாணவரிடையே வேரூன்றியவை என்பதை, லில்லியன் மெக்டெர்மாட், பீட்டர் ஷாஃபர் ஆகிய இருவரும் 1992-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுகள் காட்டின. சிம்பாங் பூலாய் மாணவர்க்கு மட்டும் உரிய குறை இஃதன்று என அறிவதே ஓர் ஆறுதல்.

இப்பிழைகளின் வேர் எங்குளது? கம்பிக்குள் ஏதோ ஒன்று தண்ணீர்போல் ஓடிவந்து விளக்கை அடைகின்றது என்னும் மனப்படத்தில் உளது. ஒரு சிறு கணக்கு அப்படத்தைத் தகர்க்கும். ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செப்புக் கம்பியில் ஓர் ஆம்பியர் மின்னோட்டம் செல்லும்போது, எலெக்ட்ரான்கள் முன்னேறும் சராசரி வேகம் வினாடிக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்குகூட இல்லை. பத்துக் கிலோமீட்டர் நீளக் கம்பியின் ஒரு முனையிலிருந்து புறப்படும் எலெக்ட்ரான் மறுமுனையை அடைய நான்கு ஆண்டுகளுக்கு மேலாகும். வீட்டுக்கு வரும் மாறுமின்னோட்டத்திலோ, அவை முன்னும் பின்னும் இருந்த இடத்திலேயே அசைந்து கொண்டிருப்பதன்றிப் பயணமே செய்வதில்லை. எனினும் சுவிட்சைத் தட்டியவுடன் விளக்கு எரிகின்றது. விரைந்து பரவுவது புலமே. அதன் ஏவலால் கம்பியெங்கும் உள்ள எலெக்ட்ரான்கள் ஏறத்தாழ ஒருசேர அசையத் தொடங்குகின்றன. ஆற்றலும் கம்பியின் உள்ளே அன்று, கம்பியைச் சூழ்ந்த வெளியிலுள்ள புலத்தின் வழியாகவே செல்கின்றது என்பதை ஜான் ஹென்றி பாய்ண்டிங் 1884-ஆம் ஆண்டு நிறுவினார்.

கம்பியைவிட அதனைச் சூழ்ந்த வெளி முதன்மையானது என்னும் இவ்வெண்ணத்துக்கு மூலவர் மைக்கேல் ஃபாரடே. அவருக்கும் மலாய் நாட்டுக் காட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. தீபகற்பத்துக் காடுகளில் வளர்ந்த தாபான் மரத்தின் பாலிலிருந்து கிடைக்கும் கட்டாப்பெர்ச்சா என்னும் பிசின், மின்சாரத்தை எளிதில் கசியவிடாத சிறந்த அரிதிற்கடத்தி என 1848-ஆம் ஆண்டிலேயே அவர் எடுத்துக் காட்டினார். தோட்டத்து ரப்பர் மரம் வேறு, இது வேறு. எனினும் இரண்டின் பாலையும் மலாயில் ‘கெத்தா’ என்றே கூறுவர். தோட்டத் தமிழரின் ‘கித்தா’ அதுவே. இப்பிசினால் உறையிட்ட கம்பியே 1851-ஆம் ஆண்டு இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடித் தந்தியைச் சாத்தியமாக்கியது. நீண்ட கடலடிக் கம்பிகளில் செய்தி மழுங்கித் தாமதமாவதைக் கண்டபோது, உள்ளே செம்பு, வெளியே கடல்நீர், இடையே பிசின் என அமைந்த அக்கம்பி முழுதுமே ஒரு மாபெரும் மின்தேக்கி என்பதை ஃபாரடே விளக்கினார். மின்தேக்கிச் சூத்திரத்தில் இடைப்பொருளுக்கு ஓர் எண் ஏன் தரப்படுகின்றது எனக் கேட்கும் மாணவர்க்கு, இக்கதையை விடச் சிறந்த விடை இல்லை.

நிலைமின்சாரப் பாடத்தின் தொடக்கத்திலேயே பேராக் மாணவர்க்கு ஏமாற்றம் ஒன்று காத்திருக்கின்றது. கண்ணாடிக் கோலைப் பட்டுத்துணியால் தேய்த்தால் அது காகிதத் துணுக்குகளை ஈர்க்கும் எனப் பாடநூல் கூறும். இங்குள்ள ஆய்வுக்கூடத்திலோ, எவ்வளவு தேய்த்தாலும் காகிதம் பெரும்பாலும் அசைவதில்லை. நூல் பொய் என்றோ, தம் கை ராசியற்றது என்றோ மாணவர் எண்ணிக்கொள்வர். காரணம் காற்றின் ஈரம். குளிர்நாட்டு மாரிக்காலத்து வறண்ட அறைகளுக்காக எழுதப்பட்ட சோதனை அது. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்றில், கண்ணாடியின்மீதும் துணியின்மீதும் கண்ணுக்குப் புலனாகாத நீர்ப்படலம் படிகின்றது. சேரும் மின்னூட்டம் அப்படலத்தின் வழியே கசிந்துவிடுகின்றது. கோலையும் துணியையும் முடி உலர்த்தும் கருவியால் நன்கு சூடாக்கி, குளிர்சாதன அறையில் செய்து பார்த்தால் காகிதம் துள்ளும்.

இந்த உண்மையைக் கிந்தாவின் அமாங் கொட்டகைத் தொழிலாளர் நீண்டகாலமாக நன்கறிவர். அமாங் என்பது ஈயமணலைக் கழுவிப் பிரித்தபின் எஞ்சும் கனமான கருமணல். ஈய லம்பங்கள் செழித்திருந்த காலத்தில் அது கழிவாகக் குவிந்தது. பின்னர் அதனுள் பலவகைக் கனிமங்கள் உள்ளமை உணரப்பட்டு, அதனைப் பிரிக்கும் ஆலைகள் ஈப்போவைச் சுற்றிலும் தோன்றின. கருநிற இல்மனைட், எஞ்சிய ஈயத்தாது, சிர்க்கான், மோனசைட், செனோடைம், ரூட்டைல் ஆகியன அதிலுள்ள முக்கியமானவை. இவற்றின் மணிகள் ஏறக்குறைய ஒரே பருமன். எடையிலும் பல ஒன்றையொன்று நெருங்கியவை. நீரில் அலசிமட்டும் இவற்றைத் தனித்தனியே பிரிக்க முடியாது. எனவே ஆலை ஒவ்வொரு மணியிடமும் இரண்டு வினாக்களைக் கேட்கின்றது. மின்சாரத்தைக் கடத்துவாயா? காந்தத்துக்கு இணங்குவாயா? கல்லூரிப் பாடத்தின் இரு பாதிகளும் இவ்விரு வினாக்களில் அடங்கிவிடுகின்றன.

முதல் வினாவைக் கேட்கும் பொறி, தரையோடு இணைக்கப்பட்டுச் சுழலும் ஓர் உலோக உருளை. நன்கு உலர்த்திச் சூடேற்றிய மணல் அதன்மீது மெல்லிய படலமாக விழுகின்றது. உலர்த்தாவிடில், ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் கோலுக்கு நேர்ந்த கதியே இங்கும் நேரும். உருளைக்குச் சற்று அப்பால் மெல்லிய கம்பி ஒன்று இருபதினாயிரம் வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் நிற்கின்றது. கம்பி மெல்லியதாகையால் அதனருகே புலம் மிகச் செறிந்து, காற்றையே பிளந்து அயனிகளைப் பொழிகின்றது. அப்பொழிவின்கீழ்ச் செல்லும் எல்லா மணிகளும் மின்னூட்டம் பெறுகின்றன. இதுவரை அவற்றுள் வேறுபாடில்லை. வேறுபாடு அடுத்த கணத்தில் தோன்றும். எளிதிற்கடத்தியாகிய இல்மனைட்டும் ஈயத்தாதும் தாம் பெற்ற மின்னூட்டத்தை உருளைக்கு உடனே இழந்துவிடுகின்றன. சுழலும் உருளை அவற்றை முன்னோக்கி வீசி எறிகின்றது. அரிதிற்கடத்திகளாகிய சிர்க்கானும் மோனசைட்டும் மின்னூட்டத்தை விடுவதில்லை. அம்மின்னூட்டத்தின் எதிரில், உலோகப் பரப்பில் எதிரினமான மின்னூட்டம் திரள்கின்றது. இரண்டும் ஒன்றையொன்று இழுக்க, மணி உருளையோடு ஒட்டிக்கொண்டே சுழன்று மறுபக்கம் சென்று, அங்குள்ள தூரிகையால் துடைக்கப்பட்டு வேறு தொட்டியில் விழுகின்றது.

உலோகத்தில் திரளும் எதிரின மின்னூட்டம், கண்ணாடியில் தோன்றும் பிம்பம்போல் உலோகத்துக்கு அப்பால் இருப்பதாகக் கொண்டு கணக்கிடும் முறை ஒன்று மேல்வகுப்பு நூல்களில் உண்டு. மாணவர் பலர் அதனை அறிஞரின் தந்திரக் கணக்கு என்றே எண்ணுவர். அமாங் கொட்டகையில் அப்பிம்பம் நாள்தோறும் டன் கணக்கில் மணலைப் பிடித்து நிறுத்தியது.

இரண்டாம் வினா காந்தத்தின்பாற்பட்டது. இங்கே பாடநூல் சுருக்கமாகவே கூறிச் செல்லும் ஒரு நுட்பம் ஆலையில் பெரிதாகிவிடுகின்றது. சீரான காந்தப்புலத்தில் வைத்த இரும்புத்துகள் புலத்தின் திசைக்குத் திரும்பி நிற்கும், எங்கும் நகராது. இருபுறமும் சமமாக இழுக்கப்படும் பொருள் நகர வழியில்லை. நகரவேண்டுமாயின், புலம் ஓரிடத்தில் வலியதாகவும் அடுத்த இடத்தில் மெலியதாகவும் இருத்தல் வேண்டும். ஆதலால் பிரிக்கும் பொறியின் காந்தமுனையில் ஒன்றைத் தட்டையாகவும், மற்றதைக் கூராகவும் அமைக்கின்றனர். கூர்முனையருகே புலம் செறிகின்றது. இணங்கும் மணி அதனை நோக்கி எழும்புகின்றது. சுருளில் பாயும் மின்னோட்டத்தைக் கூட்டக் கூட்ட, முதலில் இல்மனைட்டும், பின்னர் செனோடைமும், கடைசியில் மெல்ல இணங்கும் மோனசைட்டும் தனித்தனியே எழும். சிர்க்கானும் ஈயத்தாதும் எழுவதில்லை. இரும்புமட்டுமன்றிப் பொருள் யாவும் காந்தத்துக்கு ஏதோ ஓரளவு விடையளிக்கும் என 1845-ஆம் ஆண்டு கண்டவரும் ஃபாரடேயே.

இரு வினாக்களுக்கும் கிடைத்த விடைகளைச் சேர்த்துப் பார்த்தால் மணலின் பெயர் தெரிந்துவிடும். கடத்துவதும் காந்தத்துக்கு இணங்குவதும் இல்மனைட். கடத்தும், ஆனால் இணங்காது என்றால் ஈயத்தாதோ ரூட்டைலோ ஆகும், அவ்விரண்டையும் எடை வேறுபாடு காட்டிக் கொடுக்கும். கடத்தாமல் இணங்குவன மோனசைட்டும் செனோடைமும். இரண்டுக்கும் மறுப்பது சிர்க்கான். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலைப் பிரிக்கும் முறையும் இதுவே. அப்பக்கத்துக் கடற்கரையில் மோனசைட் இருப்பதை, ஏற்றுமதியான கயிற்றுச் சரக்கில் ஒட்டியிருந்த மணலைக் கொண்டு, 1909-ஆம் ஆண்டு ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர் கண்டறிந்தார்.

மோனசைட்டில் தோரியம் உள்ளது. அதன் கதிரியக்கம் இம்மணலைப் பிரித்தவர்க்கும் அண்டை வீட்டார்க்கும் விளையாட்டுப் பொருளன்று. ஈப்போவையடுத்த புக்கிட் மேராவில் மோனசைட்டிலிருந்து அருமண் தனிமங்களைப் பிரித்த ஏஷியன் ரேர் எர்த் ஆலை 1982-ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. அதன் கழிவை எதிர்த்து ஊரார் வழக்கிட்டனர். 1992-ஆம் ஆண்டு ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை நிறுத்த ஆணையிட்டது. அடுத்த ஆண்டு உச்சநீதிமன்றம் அவ்வாணையை நீக்கிற்று. எனினும் 1994-ஆம் ஆண்டு ஆலை மூடப்பட்டது. இன்று மாணவர் கையிலுள்ள சிறு ஒலிபெருக்கியின் வலிய காந்தத்தில் இருக்கும் நியோடைமியம், மோனசைட் போன்ற கனிமங்களில் அடங்கிய அருமண் தனிமங்களுள் ஒன்றாகும். காந்தத்துக்கு அரைமனத்தோடு இணங்கிய மணலிலிருந்து உலகின் மிக வலிய காந்தம் பிறந்தது வியப்பே.

காந்தத்தைப் பற்றிப் பேசும்போது, பாடநூலுக்கும் பேராக்குக்கும் உள்ள மற்றொரு வேறுபாட்டையும் குறிப்பிடல் வேண்டும். பூமியின் காந்தப்புலம் இலண்டனில் செங்குத்தாகத் தரைக்குள் பாய்வதுபோல் சரிந்திருக்கும். காந்த நடுக்கோடோ தாய்லாந்தின் தென்பகுதி வழியே செல்கின்றது. அதற்குச் சற்றே தெற்கிலுள்ள ஈப்போவில் காந்த ஊசி ஏறத்தாழ கிடையாகவே நிற்கும். தொங்கவிட்டுப் பார்த்தால் அதன் வடமுனை சிறிது மேல்நோக்கி எழும். பறக்கும் விமானத்தின் இறக்கை முனைகளுக்கிடையே தூண்டப்படும் அழுத்தத்தைக் கணக்கிடுக என ஒரு வினா பழைய ஆங்கில நூல்களில் தவறாது வரும். இங்கிலாந்தின்மீது வினாடிக்கு 250 மீட்டர் வேகத்தில், 35 மீட்டர் இறக்கையோடு பறந்தால் விடை ஏறத்தாழ 0.4 வோல்ட். அதே விமானம் அதே திசையில் ஈப்போவின்மீது பறந்தால், அதில் ஒரு சிறு பங்கே கிட்டும். கூட்டல் முனையும் கழித்தல் முனையும் இடம் மாறிவிடும். தூண்டலை உண்டாக்குவது புலத்தின் நிலைக்குத்துப் பகுதி என்பதை இவ்வொரு மாற்றம் தெளிவாக்கிவிடும். இந்தியாவில் 1963-ஆம் ஆண்டு முதல் ஆராய்ச்சி ராக்கெட் தும்பாவிலிருந்து ஏவப்பட்டதும், அவ்வூர் காந்த நடுக்கோட்டை ஒட்டியிருந்த காரணத்தினாலேயே.

தூண்டல் இப்பாடத்தின் இறுதிப் பகுதி. 1831-ஆம் ஆண்டு ஃபாரடே, இரும்பு வளையம் ஒன்றில் இரு கம்பிச் சுருள்களைச் சுற்றி, ஒன்றில் மின்னோட்டத்தைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் மட்டும் மற்றதில் மின்னோட்டம் துடிப்பதைக் கண்டார். மின்னோட்டம் நிலையாய் ஓடும்வரை மறு சுருளில் ஒன்றுமில்லை. மாற்றமே தூண்டுகின்றது. கொல்லரின் மகனாய்ப் பிறந்து, நூற்கட்டுக் கடையில் தொழில் பயின்ற ஃபாரடேக்கு உயர்கணிதம் தெரியாது. அவர் சூத்திரம் எழுதவில்லை. வெளியெங்கும் நிறைந்த விசைக்கோடுகளை மனக்கண்ணால் கண்டார். அக்கோடுகளைக் கணிதமாக்கிய பெருமை மேக்ஸ்வெல்லுடையது. அவருடைய பெருநூல் 1873-ஆம் ஆண்டு வெளிவந்தது. கல்லூரி மாணவரோ இவ்வரிசையைத் தலைகீழாக்கி, மேக்ஸ்வெல் வழிவந்த கணிதத்தை முதலிற் பெறுகின்றார். ஃபாரடேயின் கோடுகளைப் பெரும்பாலும் படமாக மட்டுமே பார்த்துக் கடக்கின்றார். ஒவ்வொரு கணக்குக்கும் முன்னே, எண்களைத் தொடாமல் விசைக்கோடுகளை வரைந்து பார்க்கும் வழக்கத்தை ஆசிரியர் வற்புறுத்துவாராயின், விளக்கு வினாவில் வீழ்வோர் தொகை குறையும். நேரம் போதாது என்பர். முழுப் பாடத்தையும் விரைந்து முடித்துப் பாதியைப் புரியாமல் விடுவதைவிட, இச்செலவு சிறிதே.

கிந்தாவில் தூண்டல் பெருவடிவில் வந்திறங்கியது 1930-ஆம் ஆண்டு. பேராக் ஆற்றின் குறுக்கே செண்டரோ அணை கட்டப்பட்டு, அதன் மின்சாரமும் மாலிம் நாவார் நீராவி மின்நிலையத்தின் மின்சாரமும் ஈய லம்பங்களுக்குச் சென்றன. மலாய்க்காரர் ‘கப்பால் கோரேக்’ என்று, தமிழ்க் கப்பலையே கடன்வாங்கிப் பெயரிட்ட அகழ்கப்பல்கள் அம்மின்சாரத்தில் இயங்கின. தஞ்சோங் துவாலாங்கில் இன்று காட்சிப்பொருளாய் நிற்கும் ஐந்தாம் எண் கப்பல் 1938-ஆம் ஆண்டு கட்டப்பட்டது. 4,500 டன் எடையும் 75 மீட்டர் நீளமும் உடையது. 1982-ஆம் ஆண்டு வரை மண்ணைத் தோண்டியது. அக்காலத்தில் பல தோட்டங்களில் துரையின் பங்களாவுக்கும் ஆலைக்கும் விளக்கு எரிந்தது. லயங்களில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. பின்னர் மின்சாரம் வந்தபோதும், பல இடங்களில் மாலையில் சில மணி நேரத்துக்கு மட்டுமே வந்தது. ஆற்று நீரின் ஆற்றல் கம்பியைச் சூழ்ந்த வெளி வழியே லயத்தின் கூரைக்கு அருகே சென்று, ஈயக் கப்பலை அடைந்தது.

செண்டரோ இன்றும் இயங்குகின்றது. நீர் விழுந்து சுழலியைத் திருப்ப, சுழலி காந்தத்தைச் சுருள்களுக்கிடையே சுழற்றுகின்றது. ஒருவரும் மின்சாரத்தைப் பயன்படுத்தாதபோது, உராய்வு நீங்கலாக, அக்காந்தம் இலேசாகவே சுழலும். சுருளில் மின்னோட்டம் எழுந்தவுடன், அவ்வோட்டம் தன் காந்தப்புலத்தால் சுழலும் காந்தத்தை எதிர்த்துப் பிடிக்கின்றது. ஃபாரடேயின் விதியில் வரும் கழித்தற்குறி இதுவே. லென்சின் விதி எனத் தனியே மனப்பாடம் செய்யப்படுவதும் இதுவே. மின்வலைப் பின்னலில் நிலையங்கள் பல இப்பளுவைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்தி மயங்கி, சிம்பாங் பூலாயில் ஒரு வீட்டின் மேசைவிளக்கு ஏற்றப்படும்போது, எங்கோ உள்ள சுழலிகள் ஓர் அணுவளவு கனக்கின்றன. வேகம் குறையாதிருக்க, ஆற்று மதகு இழையளவு கூடத் திறந்து இன்னும் சிறிது நீரை விடுகின்றது.